வலது கால் மட்டும்

கிளப்பின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். இங்கிலாந்தில் எத்தனையோ ஃபுட்பால் கிளப் இருக்க, கோப்பை தூக்குகிறவர்களை எல்லாம் விட்டுவிட்டு இதைப் போய் ஏன் பிடித்தீர்கள் என்று எங்கள் கம்பெனி பஸ்ஸிலேயே கேட்கிறார்கள். கல்யாணமான புதிதில் வாங்கிய டி.வி.யில் முதன்முதலாக ஒழுங்காகத் தெரிந்த ஆட்டம் அவர்களுடையது. நாலு கோல் வாங்கித் தோற்றார்கள். "ஐயோ பாவம்" என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்குப் பாவம் பார்த்த புத்திதான் இத்தனை வருடமாக எங்களை ஆட்டி வைக்கிறது.

நாங்கள் இரண்டு பேரும் ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை செய்கிறோம். காலையில் மாதனூரில் கம்பெனி பஸ் ஏறுவோம். நான் ஸ்டிச்சிங், அதாவது ஷூவின் மேல்தோலைத் தைக்கிற வேலை. அவர் லாஸ்டிங். நான் தைத்து அனுப்பும் தோலைக் கால் வடிவத்தில் இருக்கும் கட்டை மேல் இழுத்துப் பிடித்து ஷூவாக்குவது அவர் வேலை. நாள் முழுக்க வெள்ளைக்காரன் காலுக்குச் செய்துவிட்டு, சாயங்காலம் இரண்டு பேரும் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவோம். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம் இருந்தால் பார்ப்போம். நடுராத்திரி ஆட்டம் என்றால் தூங்கிவிடுவோம். காலையில் பஸ்ஸில் யாராவது போனைப் பார்த்துச் சொல்வார்கள், அங்கிருந்தே வயிறு எரிய ஆரம்பிக்கும்.

அந்தக் கிளப்புக்கு ஒரு மேனேஜர் இருந்தார். மழையில் குடைகூட இல்லாமல் மைதானத்துக் கோட்டின் ஓரத்தில் நிற்பார். தோற்றுப்போய் வருகிற பையன்களை ஒவ்வொருவராக முதுகில் தட்டி உள்ளே அனுப்பிவிட்டு, கடைசியாகத்தான் தான் போவார். என் வீட்டுக்காரருக்கு அவர் என்றால் உயிர். பெயர் சொல்ல மாட்டார், "நம்மாளு" என்பார். நம்மாளு இன்றைக்கு முகம் வாடியிருக்கிறார், நம்மாளு இளைத்துவிட்டார் என்று சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்.

ஒரு நாள் டி.வி.யில் அந்த மனுஷனின் காலைக் கிட்டத்தில் காட்டினார்கள். தண்ணீரில் ஊறி, பக்கத்தில் விரிசல் விட்ட ஷூ. இவர் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா ஷூ மே அது? எவன் பண்ணான்? நம்மாளு இதைப் போட்டுக்கினா நிக்கணும்?"

"அவருகிட்ட இல்லாத காசா? வேற வாங்கிக்குவாரு."

"வாங்குறது வேற. அவரு காலுக்குன்னு ஒருத்தன் பண்றது வேற."

அப்படி ஆரம்பித்ததுதான். கால் அளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பந்து உருண்டு அவர் காலடியில் வந்து நின்ற ஒரு காட்சியைப் போனில் பிடித்து வைத்திருந்தார். பந்தின் குறுக்களவு கம்பெனியில் யாருக்கோ தெரிந்திருந்தது. ஸ்கேல் வைத்து அளந்து, பேப்பரில் கணக்குப் போட்டு, ஒன்பதாம் நம்பர் என்று முடிவு செய்தார். பஸ்ஸில் இரண்டு நாள் வாதம் நடந்தது. பேக்கிங்கில் இருக்கும் ஒருவர் எட்டரை என்று அடித்துச் சொன்னார். அவரோடு இவர் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

வாணியம்பாடியில் கட்பீஸ் கடையில் நல்ல பழுப்புத் தோலாகப் பார்த்து வாங்கினோம். மேல்தோலை நான் தைத்தேன். ஆம்பூரில் தெரிந்தவர் ஒருவர் வீட்டிலேயே சின்ன யூனிட் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் அங்கே போய் இவர் கட்டையில் ஏற்றினார். முடித்து மேஜையில் வைத்தபோது எனக்கே கையால் தொட யோசனையாக இருந்தது. அப்படி ஒரு வேலை. வேலூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கும் எங்கள் மகள் போனிலேயே இங்கிலீஷில் ஒரு கடிதம் சொல்ல, எழுதிக்கொண்டோம்.

எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்காக வேலூர் ஆற்காடு ரோட்டில் இவருக்கு ஷூ வாங்கப் போன கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கடைக்காரர் புதுசு என்று எடுத்துக் கொடுத்த ஷூவை இவர் வாங்கிப் பார்த்தார். விரல் மடங்குகிற இடத்தில் மெல்லிய கோடு. "எவனோ போட்டு நடந்திருக்கான், பத்து அடியாச்சும் நடந்திருக்கான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்குச் செருப்போடு வந்தார். ஒரு தடவை போட்டாலும் தோல் காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் ஆட்களை அதில் ஏமாற்ற முடியாது.

பார்சலை எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸ் போனோம். கவுண்டரில் இருந்தவர் உள்ளே என்ன என்று திறந்து பார்த்தார்.

"இன்னொரு கால் எங்கம்மா?"

"இது சாம்பிள் சார்" என்றேன். "அவரு அப்ரூவ் பண்ணட்டும், அப்பால ஜோடியா பண்ணுவோம்."

சத்தியமாக அந்த நிமிடம் வரை எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பஸ்ஸில் நாற்பது பேர் பார்த்தார்கள், ஒருத்தர்கூட இன்னொன்று எங்கே என்று கேட்கவில்லை. ஏனென்றால் கம்பெனியில் புது மாடல் என்றால் முதலில் வலது காலை மட்டும் செய்து பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு, அனுப்புவோம். அவர்கள் போட்டுப் பார்த்து, சரி என்றால் கூடவே கட்டியிருக்கும் சீட்டில் டிக் அடித்துத் திருப்பி அனுப்புவார்கள். அதை எதிரே வைத்துக்கொண்டுதான் ஜோடி ஆரம்பிக்கும். இதிலும் இவர் ஒரு சீட்டுக் கட்டியிருந்தார். பொருத்தம் சரி, சரியில்லை என்று இரண்டு கட்டம். கவுண்டர்காரர் எங்கள் முகத்தைப் பார்த்தார், கீழே குனிந்து எங்கள் ரப்பர் செருப்பைப் பார்த்தார், பிறகு பேசாமல் சீல் குத்தினார்.

பார்சல் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் கிளப் வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றது. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, பஸ் கம்பெனிப் பக்கம் திரும்பும்போது, ஜன்னல் ஓரத்தில் இருந்த பெண் போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அக்கா, உங்க ஆளைத் தூக்கிட்டாங்க."

இவர் பின் சீட்டில் இருந்து எழுந்து வந்தார். போனை வாங்கிப் பார்த்தார். பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினோம். கேட்டுக்கு நாலடி முன்னால் நின்று, இரண்டு செருப்பையும் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"புடி. அந்த மனுஷன் கால்ல நம்ம ஷூ ஏறுற வரைக்கும் என் கால்ல எதுவும் ஏறாது."

இப்படி ஷூ கம்பெனிக்குள் ஒருத்தர் வெறுங்காலோடு நடந்து போனார். வாட்ச்மேன் எதையோ தடுக்க வேண்டும் என்று கையைத் தூக்கினார், எதைத் தடுப்பது என்று தெரியாமல் சல்யூட் அடித்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். எனக்கு மட்டும் அந்த மேனேஜர் மேல் பிரியம் இல்லையா? ஆனால் கிளப் என்று ஒன்று இருக்கிறதே. அந்தச் சனிக்கிழமை புது மேனேஜர் வந்து நின்றார். கழுத்து வரைக்கும் ஜிப் போட்ட பனியனும், எந்நேரமும் கையில் நோட்டுமாக ஒரு ஆள். மூன்று கோல் போட்டு ஜெயித்தோம். நான் சந்தோஷத்தில் கேசரி கிண்டினேன். இவர் டி.வி.க்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார், கேசரியைத் தொடவில்லை.

"மேனேஜரு வருவாரு போவாருங்க. கிளப்புதான் வூடு. வாடகைக்கு வந்தவரு காலி பண்ணினா வூட்டை இடிச்சிடுவாங்களா?"

"அப்போ நாளைக்கு என்னைத் தூக்கிட்டாலும் வூடு வூடுதான், இல்ல?"

"ஏன், தூக்கலையா? தூக்கினாங்களே. இன்னா ஆயிடுச்சு? வேலைக்குப் போய்க்கினுதானே இருக்கீங்க."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மூன்று வருடம் முன்பு வரை இவர் லாஸ்டிங்கில் லைன் லீடர். ஒரு மாதம் ரிஜெக்ஷன் ஜாஸ்தியாகிவிட்டது. தோல் சரியில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இவரை எடுத்துவிட்டு, இவர் வேலை கற்றுக்கொடுத்த ஒருவனையே லீடராகப் போட்டார்கள். இவர் பழையபடி மெஷினுக்குப் போனார். லைனில் ஒரு ஆள் வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது நான் சொன்னது, "விடுங்க, வேலை இருக்குல்ல." அவ்வளவுதான். அன்றைக்கு நான் ஒரு பாட்டம் கத்தியிருக்க வேண்டும், யாரையாவது நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். இன்னொரு ஸ்பூன் குழம்பு ஊற்றிவிட்டு எழுந்து போனேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

வேண்டுதல் என்று ஊர் தானாகவே முடிவு கட்டிக்கொண்டது. பஸ்ஸில் பாதிப் பேர் வேளாங்கண்ணி என்றார்கள், மீதிப் பேர் கிறிஸ்தவர் எப்போது சபரிமலைக்கு மாறினார் என்று குழம்பினார்கள். சபையில் பாஸ்டர் கேட்டுவிட்டார்: "யாருக்காக ஐயா இந்தப் பொருத்தனை?"

"வேலை போன ஒருத்தருக்காகங்க ஐயா."

பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை சபை முழுக்க எழுந்து நின்று, திடீரென்று வேலை இழந்து குடும்பத்தோடு தவிக்கும் அந்தச் சகோதரருக்காக ஜெபித்தது. அந்தச் சகோதரர் அன்றைக்கு எங்கோ கடற்கரையில் கூலிங் கிளாஸ் போட்டு மல்லாந்து கிடந்த போட்டோ என் போனில் இருந்தது. நானும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன்.

சிரிப்பெல்லாம் கொஞ்ச நாள்தான். தார் ரோட்டில் நடந்து இவர் உள்ளங்காலில் கொப்புளம் கட்டியது. லாஸ்டிங்கில் கீழே ஆணி கிடக்கும், சூடான பசை சொட்டும். தினமும் சாயங்காலம் நான் தேங்காய் எண்ணெய் தடவித் திட்டுவேன். திட்டை வாங்கிக்கொண்டு, மறுநாள் மறுபடி வெறுங்காலோடு கிளம்புவார். கம்பெனியில் பாதுகாப்பு ஷூ கொடுத்தார்கள், வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். யாராவது கேட்டால் பையைத் திறந்து காட்டுவார்.

பிறகு ஆடிட் வந்தது. பையர் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து, தொழிலாளர்களைச் சரியாக வைத்திருக்கிறார்களா என்று மூலை முடுக்கெல்லாம் பார்ப்பார்கள். எச்.ஆர். ஆபீசர் இவரைக் கூப்பிட்டனுப்பினார். என்னையும் சேர்த்துத்தான்.

"ஏம்பா, வெளிநாட்டுக்காரன் வந்து பாக்குறான். ஷூ கம்பெனியில ஷூ பண்றவன் கால்ல ஒண்ணும் இல்ல. அவன் இன்னா நினைப்பான்? ஆர்டர் போயிடும்பா. வியாழக்கிழமை கால்ல ஏதாவது இல்லாம கேட்டுக்கு வந்தா அப்படியே திரும்பிப் போயிடு. மறுநாளும் வர வேணாம், அதுக்கு மறுநாளும் வர வேணாம்."

"சரிங்க சார்" என்றார் இவர்.

அந்தச் "சரி"க்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை மாதனூரில் பஸ் ஏறி, கேட் வரைக்கும் வெறுங்காலோடு வந்து, அங்கிருந்து அப்படியே திரும்பிவிடுவார். பதினேழு வருட வேலை. ஐம்பதை நெருங்குகிற ஆளுக்கு இனி எந்தக் கம்பெனி வேலை கொடுக்கும்? கெஞ்சினேன், கத்தினேன், மகளை விட்டுப் பேசச் சொன்னேன். "சொன்னது சொன்னதுதான். என்னைத் தூக்கினப்பதான் ஒருத்தனும் நிக்கல. அவருக்காவது ஒருத்தன் நின்னான்னு இருக்கட்டுமே" என்றார்.

புதன்கிழமை எனக்குத் தலைவலி என்று லீவு போட்டேன். மத்தியானம் வாசலில் தபால்காரர் சத்தம். பார்சல். எங்கள் பார்சலேதான், மூலை நசுங்கித் திரும்பி வந்திருந்தது. மேலே இங்கிலீஷில் ஒரு ஸ்டிக்கர். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று போட்டிருந்தது.

பிரித்தேன். ஷூ வைத்தது வைத்தபடி இருந்தது. சுற்றின பேப்பர்கூடக் கசங்கவில்லை. சீட்டில் இரண்டு கட்டமும் காலி. அந்த மனுஷன் காலில் அது ஏறவில்லை, இனி ஏறப் போவதும் இல்லை. தரையில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். இங்கிலாந்தில் இருக்கிற அத்தனை கிளப்பையும் வாயில் வந்தபடி திட்டினேன்.

பிறகு எழுந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

ஷூ மூக்குக்குள் பழைய துணியை அடைத்தேன். என் வலது காலை உள்ளே விட்டேன். ஒரு காலில் ஒன்பதாம் நம்பர் ஆம்பளை ஷூ, மறு காலில் ஒன்றும் இல்லை. கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தேன். திரும்பி வந்தேன். விரலை ஊன்றி, குதிகாலைத் தூக்கி, மறுபடி ஊன்றி, அந்த மேனேஜர் கோட்டோரத்தில் நடப்பது போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். யாராவது ஜன்னலில் எட்டிப் பார்த்திருந்தால் அடுத்த ஞாயிறு சபை எனக்காக ஜெபித்திருக்கும். அரை மணி நேரத்தில் தோல் மேல் கோடு விழுந்தது. நல்ல தெளிவான மடிப்பு, என் சின்னக் கால் மடங்குகிற இடத்தில். அடியை ஈரத்துணியால் துடைத்தேன். ஸ்டிக்கரை உரித்து அரிசி டிரம்முக்குள் போட்டேன். சீட்டில் கையெழுத்துப் போட மட்டும் மனசு வரவில்லை. பொருத்தம் சரி என்ற கட்டத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு, பழையபடி ஒட்டி வைத்தேன்.

சாயங்காலம் இவர் வந்தார். பார்சலைக் காட்டினேன்.

"இன்னாது, திரும்பி வந்திருக்கு?"

"திரும்பி வந்தா அப்ரூவ்தானே? நம்ம வழக்கம் அதானே?" என்றேன். "பிரிச்சுப் பாருங்க."

பெட்டியை வாங்கியதும் ஸ்டிக்கர் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார். பசை பிசுபிசுத்திருக்கும். பிரித்து ஷூவை எடுத்தார். விளக்குக்குக் கீழே பிடித்தார். மடிப்பைப் பார்த்தார். மூக்கிலிருந்து மடிப்பு வரைக்கும் விரலால் அளந்தார், மறுபடி ஒரு தடவை அளந்தார். சீட்டைத் திருப்பி டிக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம்.

"போட்டு நடந்திருக்காரு" என்றார்.

"பின்னே?" என்றேன்.

"நல்லாத்தான் நடந்திருக்காரு. பத்தடி இல்ல, ஜாஸ்தி."

மறுநாள் காலை செருப்பு போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பஸ்ஸே கை தட்டியது. கேட்டில் எல்லார் காலையும் பார்த்துக்கொண்டு நின்ற எச்.ஆர். ஆபீசர், இவர் காலைப் பார்த்ததும் அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிடுவார் போல இருந்தது. உள்ளே போய் கம்பெனி ஷூவையும் மாட்டிக்கொண்டார். ஆடிட்டுக்கு வந்த அம்மா இவர் மெஷினிடம் நின்று, போதுமான காலணி கொடுக்கிறார்களா என்று ஆள் வைத்துக் கேட்டாராம். "ஒத்தையா இருந்துச்சு, இப்போ ஜோடி ஆயிடுச்சு" என்றாராம் இவர். அதை எப்படி மொழிபெயர்த்தார்களோ, அந்த அம்மா குறித்துக்கொண்டாராம்.

இரண்டு மாதம் போயிருக்கும். கழுத்து வரை ஜிப் போட்ட என் புது மேனேஜர் முதலில் ஜெயித்ததோடு சரி, பிறகு எடுத்ததெல்லாம் தோல்வி. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவரையும் தூக்கிவிட்டார்கள். நான் டி.வி.யை அணைத்துவிட்டு வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். மூன்று மாதம்கூட விடாமல் ஒரு மனுஷனை வெளியே தள்ளுவார்களா, அவனுக்கும் ஒரு வீடு வாசல் இல்லையா என்று கத்தினேன். இவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. கிளப்புதான் வீடு என்று நான் சொன்னதை நினைவுபடுத்தவும் இல்லை. எழுந்துபோய் பீரோ பின்னாலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

உள்ளே ஒரு ஷூ. அதே பழுப்புத் தோல், அதே வேலைப்பாடு. ஆனால் சின்னது, லேடீஸ் ஐந்தாம் நம்பர். வலது கால் மட்டும். சீட்டும் கட்டியிருந்தது, இரண்டு கட்டத்தோடு. தோலை யாரிடம் கொடுத்துத் தைத்தாரோ, தையல் கொஞ்சம் கோணல். நான் தைத்திருந்தால் இப்படி விட்டிருக்க மாட்டேன்.

"யாருக்கு இது?"

"போட்டுப் பாரு."

போட்டேன். பத்தொன்பது வருடமாக அடுத்தவர் காலுக்குத் தைத்த எனக்கு, என் காலுக்கென்று ஒருத்தர் செய்த ஷூ அதுதான் முதல்.

"இன்னொன்னு எங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"சாம்பிள் மே. நட மொதல்ல."

கூடத்திலிருந்து சமையல்கட்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். அன்றைக்கு நடந்த அதே வழி. இவர் தரையில் மண்டியிட்டு, என் காலில் ஷூ மேல் கோடு விழுவதைக் குனிந்து பார்த்தார்.

"இப்பத்தான் மடிப்பு சரியான எடத்துல வுழுது" என்றார்.